மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில் தனியாள் சாதனையும் அணிப் பட்டமும்

ஐக்கிய அமெரிக்காவின் மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில் ஒரு வீராங்கனையின் சிறப்பை அளக்க இரு அளவுகோல்கள் வழங்கி வருகின்றன. ஒன்று, கல்லூரிக் காலம் முழுவதும் அவர் சேர்த்த புள்ளிகள். மற்றது, அவருடைய அணி வென்ற தேசியப் பட்டங்கள். இவ்விரண்டும் ஒருவரிடமே கூடி அமைவது அரிது.

அயோவா பல்கலைக்கழகத்தின் கெயிட்லின் கிளார்க் 2020 முதல் 2024 வரை 139 ஆட்டங்களில் 3,951 புள்ளிகள் எடுத்தார். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் (என்.சி.ஏ.ஏ.) முதற்பிரிவில் ஆடவர், மகளிர் இருபாலாரிலும் இதுவே உச்சம். எனினும் அவரது அணி 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் இறுதியாட்டத்தில் தோற்றது. 2024 இறுதியாட்டத்தில் கிளார்க் 30 புள்ளிகள் எடுத்தும் தென் கரோலினா 87-75 என வென்றது. அவ்வணியின் மாற்று வீராங்கனைகள் மட்டும் 37 புள்ளிகள் சேர்த்தனர். அயோவாவின் மாற்று வீராங்கனைகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. தோல்விக்கான விளக்கம் பெரும்பாலும் இவ்வொரு வரியிலேயே அடங்கிவிடுகிறது எனலாம்.

கனெடிகட் பல்கலைக்கழகத்தின் பிரியானா ஸ்டுவர்ட் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஆவார். 2013 முதல் 2016 வரை நான்கு பட்டங்களையும் வென்ற அவர் எடுத்தவை 2,676 புள்ளிகளே. அந்நான்கு பருவங்களில் அவ்வணி ஐந்தே ஆட்டங்களில் தோற்றது. 2016ஆம் ஆண்டு தொழில்முறைக் கூட்டிணைவுத் தேர்வில் முதல் மூன்று இடங்களையும் ஸ்டுவர்ட், மோரியா ஜெபர்சன், மார்கன் டக் என இவ்வணியினரே பெற்றனர். ஆடுகளத்தில் இருப்பது ஒரே பந்து; அதை இத்தகைய மூவர் பகிரும்போது ஒருவரின் சராசரி உயர வழியில்லை.

பதிவேடுகளின் சிக்கல்

என்.சி.ஏ.ஏ. மகளிருக்கான தேசியப் போட்டியை 1982இல்தான் தொடங்கியது. அதற்கு முன் வேறொரு சங்கம் (ஏ.ஐ.ஏ.டபிள்யூ.) நடத்திய ஆட்டங்களின் சாதனைகள் என்.சி.ஏ.ஏ. ஏட்டில் இடம்பெறாமல் போயின. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் உட்டர்ட் 1981 வரை எடுத்த 3,649 புள்ளிகள் இவ்வகையின. பட்டம் வெல்லாத அவரும் 139 ஆட்டங்களே ஆடினார்! மும்மைப் புள்ளி எறிதல் மகளிர் ஆட்டத்தில் 1987-88 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. கிளார்க்கின் 548 மும்மை எறிதல்களை இரண்டிரண்டாகக் கணக்கிட்டால் அவரது மொத்தம் 3,403 ஆகக் குறையும். இது வெறும் கணக்கே. அவ்விதி இல்லையெனில் கிளார்க் வேறுவிதமாக ஆடியிருப்பார். அதே பழைய சங்கக் காலத்தில் டெல்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லூசியா ஹாரிஸ் 2,981 புள்ளிகளோடு மூன்று பட்டங்களையும் (1975-77) பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில்

இந்தியாவில் வீராங்கனைகளின் பெருமை பெரும்பாலும் பதக்கங்களாலும் அணித் தலைமையாலுமே சொல்லப்படுகிறது. சென்னையைச் சேர்ந்தவரும் தெற்கு இரயில்வே வீராங்கனையுமான அனிதா பால்துரை தேசிய வாகைப் போட்டிகளில் 30 பதக்கங்கள் பெற்றவர் என்றே அறியப்படுகிறார். 2021இல் பத்மசிறீ விருது பெற்றார். 2017இல் பெங்களூரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவின் இறுதியாட்டத்தில் அவர் இடம்பெற்ற இந்திய அணி கசக்கஸ்தானை 75-73 என வென்று ‘ஏ’ பிரிவுக்கு உயர்ந்தது.