ஓடலாம், விழக்கூடாது

செல்லூர் ரவுண்டானாவில் கபடி வீரர்களுக்குச் சிலை இருப்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். எங்க பேட்டையில் தறியும் கபடியும்தான் எல்லாம். தெருவுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு பனியன் கலர்னு வளர்ந்தோம். ஆனால் சிலையில் இருக்கிற மாதிரி தொடை உள்ளவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு மண்தரையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கூடுகிற பதினோரு பேரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. மூத்தவருக்கு வயது 63, இளையவனுக்கு 47, எனக்கு 54.

பதினேழு வருஷமா ஆடுறோம். கோப்பை கிடையாது, பரிசு கிடையாது, பார்க்க வருகிற ஆளும் கிடையாது. "அம்பது வயசுக்கு மேல கபடியா? வாக்கிங் போனா போதாதா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நியாயமான கேள்விதான். போன வருஷம் அந்தக் கேள்விக்கு நாங்களே பதில் சொல்லியாக வேண்டிய நிலைமை வந்தது. அதற்காகத் தேடிப் படித்ததையும் மண்ணில் சோதித்துப் பார்த்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வயதான உடம்புக்குக் கபடியைப் போல ஒவ்வாத ஆட்டம் குறைவு. ஷட்டில் ஆடினால் நடுவில் வலை இருக்கு, எவனும் மேலே விழமாட்டான். கபடியில் நடுக்கோட்டைத் தாண்டி ஓடணும், சட்டென்று நிற்கணும், குனியணும், திரும்பணும். அதெல்லாம் முடிந்தபிறகு நாலு பேர் எடை முதுகில் ஏறும். வயதாகும்போது தசையில் முதலில் மெலிவது மெதுவாக இழுக்கிற இழைகள் இல்லை, வெடிப்பாக இழுக்கிற இழைகள். அறுபது வயதில் ஒருவரால் அழகர்கோயில் வரைக்கும் நடந்துபோக முடியும். ஆனால் ஒரு நொடியில் பின்னால் துள்ள முடியாது. கபடி கேட்பது அந்தத் துள்ளலைத்தான்.

அதனால் பாடிப் போகிறவர் (ரைடர்) சீக்கிரம் கிழவராகிறார், பிடிக்கிறவர் கொஞ்சம் தாமதமாக. இதற்கு நம்ம ஊர் ஆளே சாட்சி. தர்மராஜ் சேரலாதன், 1975-ல் பிறந்தவர், மூலையில் நின்று கணுக்காலைப் பிடிப்பதில் மன்னர். 2016-ல் பட்னா அணியின் கேப்டனாக புரோ கபடிக் கோப்பையை வாங்கினார். 2019-ல் 44 வயதிலும் ஹரியானா அணிக்காகக் களத்தில் நின்றார். அந்த வயதில் ஒருவர் முழுநேர ரைடராக அங்கே நிலைத்திருப்பது நினைத்துப் பார்க்கவே கஷ்டம். மூலையில் நிற்பவருக்குக் கால் வேகத்தைவிடக் கணக்கு முக்கியம். எதிராளியின் எந்தக் கால் எப்போது தரையில் ஊன்றும் என்கிற கணக்கு.

எங்கள் விதிகள் ஒரே நாளில் மாறவில்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு எக்ஸ்ரே இருக்கு. முதலில் போனது டேஷ், அதாவது ரைடரைத் தோளால் இடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளுவது. ஒருத்தருக்குக் காரை எலும்பு விரிசல் விட்ட வாரத்தோடு அது நின்றது. அடுத்து கணுக்கால் பிடி. அதற்கு என் இடது முழங்கால் காரணம். படி இறங்கும்போது இன்னும் ஞாபகப்படுத்துது.

தளத்தின் அளவில் ஒரு தப்புக் கணக்கு போட்டோம். ஆண்களுக்கான முழு ஆடுகளம் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். வயசாச்சே, ஓட்டம் குறையட்டும்னு 11-க்கு 8 ஆகச் சுருக்கினோம். அடி அதிகமாகிவிட்டது! இடம் குறைந்தால் ஓட்டம் குறையும்தான், ஆனால் மோதல் கூடும். நடுக்கோட்டிலிருந்து பாக் கோட்டுக்கு 3.75 மீட்டர், அதற்கப்புறம் ஒரு மீட்டரில் போனஸ் கோடு என்று நூல் பிடித்து மறுபடியும் முழுத் தளமே போட்டோம். ஆளைக் குறைத்தோம். பக்கத்துக்கு ஏழு பேருக்குப் பதில் ஐந்து பேர், மிச்சம் ஒருத்தர் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். இதுதான் நாங்க செய்ததிலேயே உருப்படியான மாற்றம்.

இன்னொன்று மூச்சு. டிவியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு ரைடு என்றால் 30 நொடி. 'கபடி கபடி' என்று சொல்லணும்கிற விதி இன்னும் புத்தகத்தில் இருந்தாலும் அங்கே ஆட்டத்தை ஓட்டுவது கடிகாரம். நாங்கள் சின்ன வயதில் ஆடிய சடுகுடுவில் கடிகாரம் ஏது? மூச்சு அறுந்தால் ஆள் அவுட். அந்த விதியைத் திரும்பக் கொண்டுவந்தோம், பழசு மேல் உள்ள ஆசையில்தான். ஆனால் அது செய்த வேலை வேற. ஆடிக்கொண்டே பாடினால் எங்களில் யாருக்கும் பதினைந்து நொடிக்கு மேல் மூச்சு நிற்கவில்லை. என் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஆக ரைடு தானாகவே சின்னதாகிப்போச்சு. அவரவர் நுரையீரலே அவரவருக்கு நடுவர். இருபது வயதுப் பையனுக்கும் அறுபது வயதுக்காரருக்கும் ஒரே 30 நொடியைக் கொடுப்பதைவிட இது நேர்மையான அளவு என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கும்போதுதான் ரத்த அழுத்தம் எகிறும். மூட்டை தூக்கும்போது நடப்பது அதுதான். பாடும்போது மூச்சு வெளியே போய்க்கொண்டே இருக்கு. முக்கல் எங்கே வருதுன்னா பிடியில், ரைடரை இறுக்கி நிறுத்துகிற அந்த நாலைந்து நொடியில்.

இங்கேதான் எங்கள் அண்ணன் கதை வருது.

அவருக்கு 58 வயது. தறி ஓட்டியவர், இப்போ துண்டு வியாபாரம். பதினேழு வருஷமும் இடது மூலை அவருடையதுதான். போன வருஷம் தை மாசம் கடையில் இருக்கும்போது நெஞ்சை அழுத்துதுன்னு உட்கார்ந்தார். ஆஞ்சியோ எடுத்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மைதானத்தில் நடந்தது இல்லை, கடையில்தான். இருந்தாலும் பழி கபடி மேல்தான் விழுந்தது.

மதினி ஒரு ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கே வந்துட்டாங்க. "தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க. நான் சொன்னா சிரிக்கிறாரு. இனிமே ஆட வேணாம்னு நீங்க எல்லாரும் சேந்து சொல்லிருங்க." எங்களால் என்ன சொல்ல முடியும்? தலையை ஆட்டினோம். அவரை நடுவராக்கினோம். கையில் விசிலைக் கொடுத்தோம். மரியாதை செய்தோம் என்றுதான் நினைத்தோம்.

ரெண்டு வாரம் வந்தார். மூணாவது வாரம் வரவில்லை. நாலாவது வாரம் டீக்கடையில் பிடித்தேன்.

"என்னண்ணே, ஆளக் காணோம்?"

"விசில் ஊத நான் எதுக்குப்பா? ஒரு குக்கர வாங்கி வைங்க, அதுவே ஊதும்."

சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை. அந்த ஆள் நடைப்பயிற்சிக்கும் போகலை, டாக்டர் சொன்ன உடற்பயிற்சியும் செய்யலை. கடை, வீடு, மறுபடி கடை. பாதுகாப்புன்னு நாங்கள் செய்த காரியம் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது.

ஆறு மாசம் கழித்து செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். ட்ரெட்மில் சோதனை நன்றாக வந்திருந்தது. டாக்டரிடம் கபடி என்றதும் மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் உட்கார வைத்து, எப்படி ஆடுவீங்க, எத்தனை நிமிஷம், எவ்வளவு இடைவெளி என்று விவரமாகக் கேட்டார். கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "ஓடலாம். விழக்கூடாது. யாரும் மேல விழவும் கூடாது."

காரணத்தையும் சொன்னார். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அதற்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் தருவார்கள். பொதுவாக ஆறு மாசம் முதல் ஒரு வருஷம் வரை ரெண்டும் ஓடும். அந்தக் காலத்தில் சாதாரண அடிபட்டாலே ரத்தம் கட்டும். தலையில் பட்டால் ஆபத்து. ஆக இதயத்துக்குப் பயந்து ஓட்டத்தை நிறுத்தினோம், உண்மையில் நிறுத்த வேண்டியிருந்தது பிடியை. வழக்கமா உடம்பை அசைக்காதவர் திடீரென்று கடுமையா ஓடினால் மாரடைப்பு அபாயம் கூடும், தொடர்ந்து அசைக்கிறவருக்கு அது ரொம்பக் குறைவு என்றும் சொன்னார். வாரம் ஒருநாள் மட்டும் ஆடுவது போதாது, நடுவில் மூணு நாலு நாள் வேகநடை வேணும் என்பது அதிலிருந்து எங்கள் எல்லாருக்கும் கிடைத்த பாடம். (இது எங்கள் அண்ணனுக்கு அவர் டாக்டர் சொன்னது. உங்களுக்கு உங்கள் டாக்டர்தான் சொல்லணும்.)

சரி, பிடி இல்லாமல் கபடி எப்படி?

என் மச்சான் டொராண்டோவில் ஸ்கார்பரோவில் இருக்கார். போனில் புலம்பினேன். "இங்க ஐஸ் ஹாக்கியிலயே அத செஞ்சிட்டானுங்க மாப்ள" என்றார். அவர் ஆபீஸில் அறுபது வயசுக்காரர்கள் வாராவாரம் பனித்தளத்தில் ஆடுகிறார்கள். கபடியைவிட முரட்டு ஆட்டம் அது. இரும்புக்கத்தி வைத்த காலணி, 170 கிராம் ரப்பர் வட்டு, சுவரோடு சேர்த்து இடிப்பது. முதியோர் ஆட்டத்தில் அந்த இடியை எடுத்துவிட்டார்கள். மட்டையை ஓங்கி அடிக்கிற அடியையும் பல குழுக்களில் எடுத்துவிட்டார்கள். மிச்சமெல்லாம் அப்படியே. தேடிப் பார்த்தால் ஸ்னூப்பி நாய்ப் படத்தை வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் கலிபோர்னியாவில் சாண்டா ரோசாவில் தன் சொந்தப் பனித்தளத்திலேயே 1975-ல் முதியவர்களுக்கு ஒரு போட்டி ஆரம்பித்திருக்கிறார், அவரும் அதில் ஆடியிருக்கிறார். இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டில் 2011-ல் நடைக் கால்பந்து தொடங்கினார்கள். அங்கே ஓடினால் ஃபவுல்.

இதையெல்லாம் படித்தபோது ஒன்று புரிந்தது. எல்லாரும் ஆட்டத்தைப் பொதுவாக மெதுவாக்கவில்லை. ஆளைக் காயப்படுத்துகிற ஒரே ஒரு செயலைத் தேடி, அதை மட்டும் உருவிவிட்டார்கள். நாங்கள் செய்தது தலைகீழ்: ஆட்டத்தை விட்டுவிட்டு ஆளை உருவிவிட்டோம்.

டேக் ரக்பி என்று ஒன்று இருக்கு. ஆளைக் கீழே தள்ளுவதற்குப் பதில் இடுப்பில் தொங்குகிற பட்டையை உருவினால் போதும். இதை மைதானத்தில் சொன்னபோது முதலில் சிரித்தது அண்ணன்தான். மறுநாள் கடையிலிருந்து ஒரு டஜன் துண்டோடு வந்தார்.

விதி இதுதான். ரைடர் பின்னிடுப்பில் துண்டைச் செருகிக்கொள்வார். முடிச்சுப் போடக்கூடாது, கையால் மறைக்கக்கூடாது. மூச்சு அறுவதற்குள் பாக் கோட்டைத் தாண்டி, தொடுகிறவரைத் தொட்டு, திரும்பணும். பிடிக்கிறவர்கள் உடம்பைத் தொடக்கூடாது, துண்டை உருவினால் ரைடர் அவுட். முதலில் ரெண்டு முழம் தொங்கவிட்டோம். யார் வேணும்னாலும் உருவினார்கள். ஒரு சாணாகக் குறைத்தபிறகுதான் ஆட்டம் சூடு பிடித்தது.

நாங்கள் எதிர்பார்க்காதது அண்ணனின் கை. கணுக்கால் பிடிக்கிற கை என்றுதான் நினைத்திருந்தோம். அறுந்த இழையை ஓடுகிற தறியில் கண்டுபிடித்து முடிகிற கை அது. ரைடர் திரும்புகிற அந்தக் கண்ணிமைப்பில் துண்டு அவர் கையில் இருக்கும், போனவருக்குத் தெரியவே தெரியாது.

இழப்பும் இருக்கு, மறைக்க வேண்டாம். நாலு பேர் கைகோத்து ஒரு ஆளைச் சங்கிலிபோட்டு நிறுத்துகிற அந்தச் சுகம் போச்சு. எங்களில் இளையவன் முகத்துக்கு நேராகவே சொன்னான்: "இது கபடி இல்லண்ணே, தும்பி பிடிக்கிற வெளாட்டு." ஒரு மாசம் வரவில்லை. இப்போ வேற குழுவில் சனிக்கிழமை நிஜப் பிடி ஆடிட்டு, ஒருவாரம் விட்டு ஒருவாரம் எங்களிடம் வருகிறான். அவன் சொன்னதில் பாதி சரி. அவன் வயதில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மதினி இன்னும் முழுசா நம்பவில்லை. எல்லா ஞாயிறும் வெள்ளனவே ஃபிளாஸ்க்கோடு வந்து கோட்டுக்கு வெளியே நிற்கிறாங்க. போன வாரம் அண்ணன் பாடிக்கொண்டு வந்தார். 'கபடி கபடி' என்று குரல் தேய்ந்து நடுக்கோட்டைத் தொடும்போது துண்டு கீழே கிடந்தது. உருவினேன் என்று நான். தானா விழுந்தது என்று அவர். கால் மணி நேரம் கத்தினோம், வெயில் ஏறிவிட்டது. யாரும் கேட்காமலேயே மதினி தீர்ப்பு சொன்னாங்க: "தானாத்தேன் விழுந்துச்சு. நான் பாத்தேன்."

இல்லை. நான்தான் உருவினேன்.