மூக்கு அறியாத கணக்கு

புது தில்லி: குளிர்காலக் கூட்டத்தொடர் நடைபெறும் நாள்களில் தலைநகரின் காற்றில் புகைவாடை ஒன்று நிரந்தரமாகக் குடியிருக்கும். அப்படியொரு மாலைப்பொழுதில், இரு அவைகளும் ஒத்திவைக்கப்பட்ட பிறகு, செய்தியாளர்கள் கூடியிருந்த தேநீர் மேசையில் நண்பர் ஒருவர் சிறிய கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து வைத்தார். வெளிநாட்டுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் விமான நிலையக் கடையில் வாங்கிய வாசனைத் திரவியம் அது. புதினாவின் குளிர்ச்சி, தேநீரின் மணம், மெல்லிய புகை ஆகிய மூன்றும் கலந்தது என்று விற்பனையாளர் சொல்லியிருந்தாராம். அங்கிருந்த நால்வரின் மணிக்கட்டிலும் ஆளுக்கு ஒரு சொட்டு விழுந்தது.

முதல் பத்து நிமிடங்களில் கருத்து வேற்றுமையே எழவில்லை. எல்லோரும் புதினா என்றே கூறினர். எனக்கு அது தலைவலிக்கு நெற்றியில் தடவும் தைலத்தை நினைவூட்டியது. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஹிந்தி நாளிதழ் நண்பருக்கோ அது தம் ஊரின் கோடைக்காலம்.

அரைமணி நேரத்தில் புதினா விலகித் தேநீர் தலைகாட்டியது. அதன் பின்னால் புகை வந்தது. ஒற்றுமை குலைந்ததும் அப்போதுதான். அசாமைச் சேர்ந்த நண்பர், தம் மாநிலத்தில் சிங்ஃபோ மக்கள் மூங்கில் குழாயில் அடைத்து அடுப்புக்கு மேலே புகையில் வைத்துப் பதப்படுத்தும் தேயிலையின் வாசனை இதுதான் என்று மகிழ்ந்தார். எனக்குச் சாம்பிராணி போட்ட வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண் செய்தியாளர் ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். ஆண்டுதோறும் நவம்பர் மாதப் புகைமூட்டத்தை இலவசமாகவே சுவாசிக்கிறோம், அதைக் காசு கொடுத்து வாங்கி வேறு பூசிக்கொள்ள வேண்டுமா என்பது அவரது கேள்வி.

பாராபங்கி நண்பர் கையை முகர்ந்துகொண்டே இருந்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தமது கம்பளிச் சட்டையின் கைப்பகுதியில் புகைவாசம் இன்னும் போகவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு கேள்வியையும் கொண்டுவந்தார். அந்தப் புட்டியில் இருப்பது தம் ஊர்ப் புதினாவா? புட்டியின் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். சாராயம், நீர், வாசனைப் பொருள், ஒவ்வாமை தரக்கூடிய சில வேதிப்பொருள்களின் பெயர்கள் ஆகியவற்றோடு பட்டியல் முடிந்திருந்தது. 'வாசனைப் பொருள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாம் அடக்கம். அவரது கேள்விக்கு அதில் விடை இல்லை.

ஒரே சொட்டு, நான்கு மணங்கள்

ஒரே திரவியம் நால்வருக்கு நான்கு விதமாகத் தோன்றியதில் வியப்பில்லை. மணங்களை உணரும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் மனிதனில் ஏறத்தாழ 400 செயல்படுகின்றன. அவை ஆளுக்கு ஆள் சற்றே மாறுபடுகின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக ரிச்சர்ட் ஆக்ஸல், லிண்டா பக் ஆகிய இருவரும் 2004-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். ஏற்பிகளுக்கு அப்பால் அவரவர் நினைவும் தன் பங்குக்கு மணத்தை வண்ணம் தீட்டிவிடுகிறது.

புதினாவின் குளிர்ச்சியோ உண்மையில் மணமே அன்று. குளிரை உணரும் நரம்புகளில் உள்ள ஓர் ஏற்பியை மென்தால் தூண்டிவிடுகிறது. குளிராத இடத்தில் குளிர்வதாக மூளை நம்பிவிடுகிறது. இந்த ஏற்பியை டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூடியன் ஆகியோர் தனித்தனியே 2002-இல் அடையாளம் கண்டனர். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தேநீர் மணத்தின் கதை இன்னும் விசித்திரமானது. கோப்பையில் மணக்கும் தேநீரை அப்படியே புட்டியில் அடைத்துவிட முடியாது என்பதால், வாசனைக் கலைஞர்கள் வேறு மணப்பொருள்களை இணைத்துத் தேநீரின் தோற்றத்தை உருவாக்குகின்றனர். பிரான்ஸைச் சேர்ந்த ஜான் கிளோட் எல்லேனா 1992-இல் பல்கரி நிறுவனத்துக்காக உருவாக்கிய பச்சைத் தேயிலைத் திரவியம் இத்துறையில் திருப்புமுனை எனப்படுகிறது. ஒலிவியா ஜியாகோபெட்டி 2000-ஆம் ஆண்டில் உருவாக்கிய 'டீ ஃபார் டூ' புகைத் தேநீருக்குப் பெயர் பெற்றது. சீனத்தின் ஃபுஜியான் மாகாணத்தில் பைன் விறகின் புகையில் உலர்த்தப்படும் லாப்சாங் சூச்சோங் தேயிலையே இத்தகைய மணங்களுக்கு முன்மாதிரி. ஆக, மணிக்கட்டில் மணப்பது தேநீர் அன்று, தேநீரின் நினைவு.

தேநீரைப் போலவே புதினாவும் நினைவு மட்டும்தானா என்பதே பாராபங்கி நண்பரின் கவலை.

வயலிலிருந்தா, ஆலையிலிருந்தா?

உலகில் உற்பத்தியாகும் இயற்கை மென்தால் புதினா எண்ணெயில் பெரும்பகுதி இந்தியாவினுடையது. அதில் மிகப் பெரும் பங்கு உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, சம்பல், ராம்பூர், பதாயூன் போன்ற மாவட்டங்களிலிருந்து வருகிறது. லக்னெளவில் உள்ள மத்திய மருந்து, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ரகங்களே இந்த வளர்ச்சிக்கு அடித்தளம். ரபி அறுவடைக்கும் நெல் நடவுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நிலம் சும்மா கிடக்காமல் கையில் ரொக்கம் தரும் பயிர் என்பதால் சிறு விவசாயிகள் இதை விரும்புகின்றனர். ஒரு ஹெக்டேரில் கிடைக்கும் எண்ணெய் 100 முதல் 150 கிலோ. கோடையில் வளர்வதால் அடிக்கடி நீர் பாய்ச்ச வேண்டியிருப்பது இதன் மறுபக்கம். டீசல் செலவும் நிலத்தடி நீரும் விவசாயியின் கணக்கிலேயே சேர்கின்றன.

விலையோ அவர் கையில் இல்லை. முன்பேர வணிகச் சந்தையில் விலை ஏறி இறங்கும் சரக்குகளுள் புதினா எண்ணெயும் ஒன்று. 2012-இல் கிலோ ரூ.2,000-ஐத் தாண்டிய விலை, பின்னாளில் ரூ.1,000-ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் இறங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் டீசல் விலையும் கூலியும் இறங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போட்டி வருவது ஆலையிலிருந்து. ஜெர்மனியில் 1970-களிலேயே மென்தால் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. ஜப்பானின் தகாசாகோ நிறுவனம் 1980-களில் ரியோஜி நொயோரியின் வேதியியல் முறையைப் பயன்படுத்தி இத்துறையில் நுழைந்தது. நொயோரிக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனமும் 2012-இல் களமிறங்கியது. ஆலைக்கு மழை தவறுவதில்லை. விலையும் தரமும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருக்கும். பற்பசை முதல் மிட்டாய், இருமல் மருந்து, வாசனைத் திரவியம் வரை மென்தாலை வாங்கும் பெரிய நிறுவனங்கள் இதை விரும்புவதில் வியப்பேதும் இல்லை.

வயலின் எண்ணெயில் மென்தாலுடன் வேறு பல மணப்பொருள்களும் இருப்பதால் பழகிய மூக்கு அதை இனம் கண்டுகொள்ளும். ஆனால் அதிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய மென்தால் படிகமும், ஆலையில் பிறந்த படிகமும் ஒரே மூலக்கூறுதான். எந்த மூக்கும் அவற்றை வேறுபடுத்த முடியாது. பெட்ரோலியத்திலிருந்து வந்ததா, செடியிலிருந்து வந்ததா என்பதைக் கதிரியக்கக் கரிமத்தைக் கொண்டு ஆய்வகத்தில்தான் சொல்ல இயலும்.

சட்டம் பேசியபோது

மூக்கு சொல்ல முடியாததை வரிச் சட்டம் சொல்ல முன்வந்தது 2025-இல். அந்த ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி தில்லியில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-ஆவது கூட்டம், இயற்கை மென்தாலுக்கும் அதிலிருந்து தயாராகும் பொருள்களுக்குமான வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. இயற்கை அல்லாத மென்தாலுக்கு 18 சதவீதமாக உயர்த்தியது. செப்டம்பர் 22 முதல் இது நடைமுறைக்கு வந்தது. சோப்பு, கார், காப்பீடு பற்றிய தலைப்புச் செய்திகளுக்கு நடுவே இந்த 13 சதவீத வேறுபாடு பலரது கண்ணில் படவே இல்லை.

விவசாயிக்கு இது நல்ல செய்தி என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த வரியால் வயலுக்கு எந்த அளவு பலன் என்பதைத் தீர்மானிக்கப் போவது இரண்டு விஷயங்கள். முதலாவது, இயற்கை என்று எழுதி வரும் சரக்கு இயற்கைதானா என்பதைச் சோதிக்கும் ஏற்பாடு. மூக்கால் பிடிபடாத ஒன்றுக்கு 13 சதவீத லாபம் காத்திருக்கும்போது, பொய்ச் சீட்டு எழுதுவோருக்குப் பஞ்சம் இருக்காது. இரண்டாவது, வரிச் சலுகையில் எவ்வளவு விவசாயியின் விலையாக மாறுகிறது என்பது. விவசாயிக்கும் ஏற்றுமதியாளருக்கும் இடையே தரகர், சேமிப்பாளர், சுத்திகரிப்பாளர் என்று பல கைகள் உள்ளன.

உத்தரப் பிரதேச அரசியலுக்கு வாசனை புதிதன்று. அத்தருக்குப் பெயர்போன கன்னெளஜ், ராம் மனோகர் லோகியாவை 1967-இலும் ஷீலா தீட்சித்தை 1984-இலும் மக்களவைக்கு அனுப்பிய தொகுதி. இப்போது அகிலேஷ் யாதவ் 2024 தேர்தலில் வென்ற தொகுதி. அங்கு தயாராகும் வாசனைத் திரவியத்துக்கு 2014-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2021 நவம்பரில் சமாஜவாதி கட்சி தன் பெயரிலேயே ஓர் அத்தரை வெளியிட்டது. அடுத்த மாதம் வாசனை வணிகத்தில் நடந்த வரிச் சோதனைகள் தேர்தல் மேடைகளில் எதிரொலித்தன. அத்தரை மணக்க மணக்கப் பேசிய அந்த மேடைகளில், புதினா விவசாயியின் விலை அதே அளவுக்கு ஒலித்ததாக நினைவில்லை.

பாராபங்கி நண்பரை மீண்டும் சந்தித்தபோது, அன்று ஏன் மெளனமாக இருந்தீர்கள் என்று கேட்டேன். ஜூன் மாதத்தில் தம் கிராமத்தில் புதினா காய்ச்சும் தொட்டிகளைப் பற்றிச் சொன்னார். எண்ணெய் இறக்கிய சக்கையை உலர்த்தி, அடுத்த கொதிப்புக்கு அதையே எரிப்பார்களாம். ஊர் முழுவதும் புதினாவும் புகையும் கலந்து மணக்கும். இரவெல்லாம் அடுப்பைக் காத்திருப்பவர்கள் பக்கத்திலேயே தேநீர் போட்டுக் குடிப்பார்கள். விமான நிலையக் கடையில் புதுமை என்று விற்றது அவருக்குப் பிறந்த ஊரின் காற்று. அந்தப் புட்டியின் விலைக்கு எத்தனை கிலோ எண்ணெய் விற்க வேண்டும் என்பதைத்தான் அன்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாராம்.