ஒரே தாளத்தில் ஒரு நாடு



சேர்வராயன் மலையிலே, மாரமங்கலத்தில் ஒருவர் மாலையில் மின்விளக்கை ஏற்றுகிறார். அதற்கு வேண்டிய மின்சாரம் அக்கணமே எங்கோ உற்பத்தியாக வேண்டும். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல் மின்சாரத்தைக் கம்பியில் சேமித்து வைக்க இயலாது.

மலைக்கு மேற்கே, மேட்டூரில் 1937ஆம் ஆண்டு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று அது தனித்து நிற்கவில்லை. நாடெங்குமுள்ள நிலையங்களோடு கம்பிகளால் பிணைந்து, ஒரே தாளத்திற்கு இசைந்து சுழல்கிறது. அத்தாளம் வினாடிக்கு 50 அலைவு. உற்பத்தியினும் தேவை மிகுந்தால் தாளம் தளரும், குறைந்தால் விரையும். சென்னை, பெங்களூரு, புதுதில்லி ஆகிய நகரங்களிலுள்ள மின்சுமைப் பகிர்வு மையங்கள் இரவும் பகலும் இதனைக் கண்காணித்து, உற்பத்தியைக் கூட்டவும் குறைக்கவும் பணிக்கின்றன.

2012 ஜூலை 30 அன்று வட இந்தியாவும், மறுநாள் அதனோடு கிழக்கும் வடகிழக்கும் பெரும்பாலும் இருளில் மூழ்கின. சில மாநிலங்கள் தம் பங்குக்கு மேல் மின்சாரம் எடுத்தன. சுமை மிகுந்து மின்தொடர்கள் துண்டித்துக்கொண்டன. தென்னகம் தப்பியது, அப்போது நம் மின்வலை வடக்கின் தாளத்தோடு சேர்ந்திருக்கவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தொடர் இரண்டையும் சேர்த்தது.

இனி நமக்குக் குறை நேரும்போது வடக்கு கைகொடுக்கும். அங்கு நேரும் பிழை நம்மையும் தாக்கக்கூடும். ஊர் கூடி இழுக்கும் தேரில் ஒவ்வொரு கையும் அளவறிந்து இழுக்க வேண்டும். மாரமங்கலத்து விளக்கு அணையாதிருப்பது அந்த ஒழுங்கினால்தான்.