கழிமுக அஞ்சாளையும் வீட்டு மீன்தொட்டியும்

கங்கையின் கிளையாகிய ஹூக்ளி ஆறு வங்கக் கடலோடு கலக்கும் இடத்தில் நீர் எந்நாளும் ஒரே தன்மையுடையதாய் இருப்பதில்லை. கடல் ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் புகுகின்றது. வற்றும்போது ஆற்றுநீர் அதனைத் திரும்பவும் கடலை நோக்கித் தள்ளுகின்றது. கோடையில் உவர்ப்பு மிகும். மழைக்காலத்தில் வெள்ளம் இறங்கி வர அது குறைந்து போகும். 1975-ஆம் ஆண்டில் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கிய பின்னர் நன்னீர் வரத்து மிகுந்து, உவர்ப்பின் எல்லை முன்னிருந்ததைக் காட்டிலும் கடற்பக்கமாக விலகியது. இவ்வாறு நாளுக்கு நாள் மாறும் நீரையே தன் வீடாகக் கொண்ட மீன்களுள் ஒன்றுதான், இன்று நகரங்களின் அலங்கார மீன் கடைகளில் தவறான பெயரொன்றைச் சுமந்து விற்பனையாகிவரும் கழிமுக அஞ்சாளை.

தமிழ்நாட்டுக் கடலோர மீனவர் அஞ்சாளை என்று அழைக்கும் குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பவளப் பாறைகளின் இடுக்குகளில் வாழும் கடல்மீன்கள். கழிமுகங்களுக்கும் ஆற்று வாய்களுக்கும் வருபவை ஒரு சிலவே. நாம் இங்குக் கருதும் இனத்தைப் பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன் என்ற இயற்கை நூலறிஞர், கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட பெருநூலில் முதன்முதலாக விவரித்தார். இதன் விஞ்ஞானப் பெயர் ஜிம்னோதொராக்ஸ் டைல் என்பது. உடல் பழுப்பு நிறம்; அதன்மேல் மஞ்சளும் வெண்மையுமான நுண்புள்ளிகள் தூவினாற்போல் விளங்கும். செதில் இல்லை; மார்புத் துடுப்பும் இல்லை; வயிற்றுத் துடுப்பும் இல்லை. முழு வளர்ச்சியில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் வரை நீளும். இதே நூலில் ஹாமில்டன் விவரித்த மற்றோர் அஞ்சாளை 3 மீட்டருக்கும் மேல் வளரக் கூடியது. வீட்டுத் தொட்டிக்கு அதனை நினைக்கவும் வேண்டா.

கடைக்காரர் இம்மீனுக்கு வைத்துள்ள பெயர் ‘நன்னீர்ப் பனித்துகள் விலாங்கு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயராகும். இப்பெயரில் உண்மை மிகக் குறைவு. பனித்துகள் அஞ்சாளை என்பது வேறொரு கடலினம். விலாங்கு என்பதும் பொருந்தாது. நம் ஆறுகளில் வாழும் விலாங்கு வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டு பிழைகளும் பெயரளவில் நின்றுவிடும். ஆனால் ‘நன்னீர்’ என்ற சொல்லோ மீனின் உயிரோடு விளையாடுகின்றது. இதனை நம்பி வாங்குவோர், குழாய்நீர் நிரப்பிய தொட்டியில் மீனை விடுகின்றனர். முதல் சில நாட்கள் யாதொரு குறையும் தோன்றுவதில்லை. பின்னர் அது இரையை மறுக்கின்றது, உடல் மெலிகின்றது, தோலில் பூஞ்சையோ புண்ணோ காண்கின்றது, சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோகின்றது. உடனே இறந்திருந்தால் காரணம் விளங்கியிருக்கும். மெல்ல இறப்பதனால், உணவையும் நோயையும் குறை கூறிவிட்டு, அடுத்த மீனையும் அதே நீரில் விடுவோர் பலர்.

இதன் காரணத்தை மாணவர்க்கு விளக்குவது எளிது. எலும்பு மீன்களின் குருதியிலுள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீன் நன்னீரில் இருக்கும்போது, சவ்வூடு பரவல் விதிப்படி, நீர் செவுள்களின் வழியே ஓயாமல் உடலுக்குள் புகுகின்றது, உப்பு வெளியேறுகின்றது. புகுந்த நீரைச் சிறுநீரகம் இறைத்துக் கொட்ட வேண்டும். இழந்த உப்பைச் செவுள்கள் நீரிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும். கடலில் நிலைமை நேர்மாறானது; அங்கு மீன் நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகின்றது. கழிமுக மீன் இருவகை வேலையையும் செய்ய வல்லது என்பது மெய்யே. எனினும், வெள்ளக் காலத்தில் சில நாட்கள் நன்னீரைப் பொறுத்துக் கொள்வது ஒன்று. ஆயுள் முழுவதும் அதிலேயே கிடப்பது மற்றொன்று.

உப்பும் திரவமானியும்

குருதியின் உப்பளவுக்கு ஒத்த நீரைவிடச் சற்றே உவர்ப்பு மிகுந்த நீர் இம்மீனுக்கு நன்கு பொருந்துகின்றது. ஒப்படர்த்தி 1.010 என்பது நடைமுறையில் நல்ல இலக்கு. இதற்கு லிட்டருக்குச் சுமார் 15 கிராம் கடலுப்புக் கலவை வேண்டும்; 200 லிட்டர் தொட்டிக்கு 3 கிலோகிராம். சமையலுப்பு இதற்கு ஈடாகாது. அது சோடியம் குளோரைடு மாத்திரமே. கடல்நீரின் மக்னீசியமும் கால்சியமும், நீரின் காரத்தன்மையை நிலைநிறுத்தும் கார்பனேட்டுகளும் அதில் இல்லை. மீன்தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையே ஏற்றது. அதனையும் தனி வாளியில் கரைத்து ஊற்ற வேண்டுமேயன்றி, மீன் இருக்கும் தொட்டியில் நேரே கொட்டலாகாது.

உறிஞ்சு குழலின் அடியில் களிமண் ஒட்டித் திரவமானி செய்து காட்டுவது வகுப்பறையில் நாம் வழக்கமாகச் செய்வதே. அது தத்துவத்தை விளக்கும், தொட்டிக்குப் பயன்படாது. குழல் நன்னீரில் 15 சென்டிமீட்டர் ஆழம் மூழ்குமாயின், 1.010 ஒப்படர்த்தியுள்ள நீரில் ஒன்றரை மில்லிமீட்டர் மட்டுமே குறைவாக மூழ்கும். இவ்வேறுபாட்டைக் கண்ணால் அளந்து உறுதி கூற இயலாது. ஆகவே மெல்லிய தண்டுள்ள கண்ணாடித் திரவமானி ஒன்றை வாங்கிவிடுவதே முறை. அது எந்த வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்று அதன்மேல் குறித்திருக்கும். அதனையும் பார்க்க வேண்டும்.

புதிதாக வளர்ப்போர் பெரும்பாலும் இடறும் இடம் ஆவியாதல். தொட்டியின் நீர் குறையும்போது ஆவியாவது நீரே. உப்பு அங்கேயே தங்கிவிடுகின்றது. 200 லிட்டரில் 20 லிட்டர் ஆவியாகிவிட்டால், 3 கிலோகிராம் உப்பு 180 லிட்டரில் நின்று, லிட்டருக்கு 15 கிராம் என்றிருந்தது 16.7 கிராம் ஆகின்றது. இந்நிலையில் குறையை உப்புநீரால் நிரப்பினால், மொத்த உப்பு 3.3 கிலோகிராமாக உயரும். ஒவ்வொரு வாரமும் இவ்வாறே செய்யின் கழிமுகம் கடலாக மாறிவிடும். ஆவியான குறையை நன்னீரால் நிரப்புக. அழுக்குநீரை எடுத்து மாற்றும்போது மட்டும் அதே உவர்ப்புள்ள நீரை ஊற்றுக. கணக்குப் பாடத்துக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி கிடைப்பது அரிது.

கடையில் நன்னீரில் வைத்திருந்த மீனை 1.005 அளவுள்ள நீரில் தொடங்கி, வாரத்துக்கு 0.002 வீதம் உயர்த்தி வரலாம். இப்பொறுமை வடிகட்டியிலுள்ள பாக்டீரியாக்களுக்கும் வேண்டும். மீனின் கழிவாகிய அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றித் தருபவை அவை. அவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி இவ்வாறு பக்குவமடைந்த பின்னரே மீனை வாங்க வேண்டும். காரத்தன்மையுள்ள நீரில் அம்மோனியாவின் நச்சு மிகும் என்பதால், உவர்நீர்த் தொட்டியில் இவ்விதியை மீறுவது கொடிது.

தொட்டியின் அமைப்பு

நீளம் 4 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி கொண்ட தொட்டி 250 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். மேலே இடம் விட்டு நிரப்பினால் ஓர் அஞ்சாளைக்குப் போதும். உயரத்தைக் காட்டிலும் தரைப்பரப்பே இதற்கு முக்கியம். பகலில் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் பிராணியாதலால், உடல் முழுதும் நுழையத்தக்க பிளாஸ்டிக் குழாய்களையோ பாறைக் குகைகளையோ அமைத்துத் தருக. பாறைகளை முதலில் அடித்தளத்தில் உறுதியாக அமர்த்திய பின்னரே மணலைப் பரப்ப வேண்டும். மணல்மேல் வைத்த பாறையின் அடியை மீன் தோண்டினால் பாறை சரியும். ஒளியிடம் இல்லாத அஞ்சாளை ஓயாது அலைந்து, ஈற்றில் இரை உண்ணாது.

மூடியைப் பற்றி எவ்வளவு கூறினும் தகும். குழாயும் கம்பியும் நுழையும் சிறு துளையே இதற்கு வாயில். தலை புகுந்த வழியே உடலும் புகும். மூடியின்மேல் கனமான பொருளை வைத்து, துளைகளைப் பஞ்சுத்திண்டால் அடைத்துவிட வேண்டும். ஈரமாக இருக்கும்வரை வெளியில் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும்; பனித்துகள் அஞ்சாளை நீருக்கு வெளியிலும் இரையைப் பற்றி விழுங்க வல்லது என்று 2021-இல் வெளியான ஆய்வொன்று காட்டியுள்ளது. எனினும் காலையில் தரையில் காய்ந்து கிடக்கும் மீனைக் கண்டெடுப்பதே பெரும்பாலும் நேர்வது.

நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கலாம். சமவெளிக் கோடையில் இதனைக் காப்பது கடினம். நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறியால் காற்று வீசச் செய்தால் சில டிகிரி குறையும். ஆவியாதல் மிகும் என்பதால் நன்னீர் நிரப்பும் வேலையும் மிகும். சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையுமாதலால், மின்சாரம் நிற்கும் ஊர்களில் மின்கலத்தால் இயங்கும் காற்றுக் குழாய் ஒன்று கைவசம் இருப்பது அவசியம்.

இரையும் தாடையும்

அஞ்சாளை வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு, சீறுகின்றது என்று குழந்தைகள் அஞ்சுவர். அது மூச்சுவிடுதலேயாகும். இதன் செவுள் திறப்பு ஒரு சிறு துளை. ஆதலின் வாயால் நீரை இறைத்துச் செலுத்த வேண்டியுள்ளது. பெரும்பாலான மீன்கள் வாயை விரித்து நீரோடு இரையை உறிஞ்சிக் கொள்வன. குறுகிய தலையுடைய அஞ்சாளைக்கு அது ஆகாது. அவ்வாறாயின் பற்றிய இரையைத் தொண்டைக்குள் செலுத்துவது எங்ஙனம்? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வைன்ரைட்டும் அதிவேகப் படக்கருவியால் ஆராய்ந்து 2007-இல் விடை கண்டனர். தொண்டையில் உள்ள இரண்டாம் தாடை முன்னே பாய்ந்து வந்து, வாயிலுள்ள இரையைக் கவ்விப் பின்னே இழுத்துச் செல்கின்றது. பற்றியதை இம்மீன் எளிதில் விடாமைக்கும் இதுவே விளக்கம். விரலால் இரை ஊட்டும் விளையாட்டை எவரும் மேற்கொள்ளலாகாது. பார்வை மங்கிய இம்மீன் மோப்பத்தால் இரை தேடுவது, மீன் வாடை வீசும் விரலை வேறுபடுத்தி அறியாது. நீண்ட இடுக்கியால் கொடுக்க வேண்டும்.

மீன் துண்டு, இறால், நண்டு ஆகியவற்றை மாற்றி மாற்றி வாரம் இரண்டு மூன்று முறை தந்தால் போதும். ஒரே வகையைத் தொடர்ந்து தருதல் கூடாது. கெண்டைக் குடும்பம் போன்ற சில மீன்களின் பச்சைத் தசையில் வைட்டமின் பி-1-ஐச் சிதைக்கும் நொதி உண்டு. உயிருள்ள பொன்மீனை விட்டு வேடிக்கை பார்ப்பது இக்காரணத்தாலும் தகாது. எஞ்சிய இரையை அன்றே அகற்றிவிடுக. புதிதாக வந்த மீன் சில வாரம் உண்ணாதிருப்பதும் உண்டு. நீரின் அளவுகள் சரியாக இருப்பின், மாலை மங்கிய ஒளியில் இறாலை வளைவாயிலில் வைத்துப் பொறுத்திருக்கலாம். செதிலற்ற தோலாதலால், நோய் கண்டவுடன் தாமிரம் கலந்த மருந்துகளை ஊற்றுவது ஆபத்து.

கூடவே விடத்தக்கவை ஸ்காட், மோனோ போன்ற உவர்நீர் மீன்கள். ஆயினும் அவை பெரிதாக வளர்வதால் இன்னும் பெரிய தொட்டி வேண்டும். வாயில் அடங்கும் அளவினதாகிய எதுவும் நாளடைவில் இரையாகும். தனியே வைப்பதே என் கருத்து.

அஞ்சாளைகளின் இளம்பருவம் கண்ணாடி போன்ற, இலை வடிவான மிதவை உயிராகக் கடலில் கழிகின்றது. இவற்றை வணிக முறையில் தொட்டியில் இனம்பெருக்க இன்றுவரை இயலவில்லை. ஆகவே கடையில் காணும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கழிமுகத்திலிருந்து பிடித்துவரப்பட்டதே. வாங்குமுன் தாடையில் தூண்டில் காயம் உண்டா என்று பார்த்து, கடைக்காரரிடம் ஓர் இறால் கொடுத்து உண்கிறதா என்றும் கண்டறிக. வளர்க்க இயலாமற் போனாலும் ஊர்க் குளத்திலோ ஆற்றிலோ விடலாகாது. வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடம் ஒப்படைப்பதே முறை.

பள்ளியில் வைக்க விரும்புவோர் விடுமுறையை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நன்கு உண்ட அஞ்சாளை ஒரு வாரம் பட்டினி கிடந்தால் தீங்கில்லை. ஆனால் விசிறி ஓடும் கோடைத் தொட்டியில் நீர் நாள்தோறும் குறையும். பொறுப்பேற்பவர் கையில், தொட்டியின் கண்ணாடியில் கோடிட்ட அளவுவரை நன்னீர் ஊற்றுக, உப்பு வேண்டா என்று எழுதிக் கொடுத்துச் செல்ல வேண்டும்.