புரோகிராம் எழுதக் கணனி போதும். ஆனால் கொப்பி நம்முடையதாக இருக்க வேண்டும்

கடைக்கு ஒரு கணக்குப் புரோகிராம் தேவையென்றால் கொழும்பில் ஆள் தேடி, முற்பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்த காலம் இருந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் நிலைமை மாறிவிட்டது. இன்று காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஓட்டமாவடியிலோ கணனி படித்த ஒரு பிள்ளை, தனக்குத் தேவையானதைச் சாதாரண மொழியில் சொல்லி, சில மணி நேரத்தில் ஒரு புரோகிராமை எழுதி வாங்கிவிட முடியும்.

ஆனால் பொதுவாகக் கேட்டால் பொதுவான சரக்குத்தான் கிடைக்கும். நமது வர்த்தகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

செயற்கை நுண்ணறிவு, உலகில் பகிரங்கமாகக் கிடைக்கும் புரோகிராம்களையும் எழுத்துக்களையும் படித்துப் பழகியது. நமது கடைக் கொப்பியை அது கண்டதில்லை. "கடன் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுது" என்று மட்டும் சொன்னால், 30 நாள் தவணை வைத்து, தவணை தவறினால் வட்டியும் சேர்த்து எழுதித் தந்துவிடலாம். நமது பகுதியில் உரக்கடைக்காரரின் தவணை வெள்ளாமை வெட்டி முடியும் வரை. வாவியில் வலை வீசுபவரின் தவணை மீன் விற்ற அன்று மாலை. வட்டியோ நமக்கு ஹராம். கேட்காமலே அந்த ஒரு வரி புரோகிராமுக்குள் புகுந்துவிட்டால், முதலாளிக்குத் தெரியாமலே வாடிக்கையாளரின் நிலுவையில் வட்டி ஏறும்.

வரியிலும் இதே சிக்கல். இலங்கையில் வற் வரி 2022இன் தொடக்கத்தில் 8 வீதம். அதே ஆண்டு ஜூனில் 12, செப்டெம்பரில் 15, பின்னர் 2024 ஜனவரியில் 18 வீதம். எந்த ஆண்டின் எழுத்தைப் படித்ததோ அந்த வீதத்தைக் கணனி போட்டுவிடக் கூடும். ஸகாத் கணக்கும் அப்படித்தான். நாம் ஹிஜ்ரி ஆண்டைச் சொல்லாவிட்டால், 354 நாளுக்குப் பதிலாக அது 365 நாளை எண்ணும்.

இதற்குப் பரிகாரம் நமது கடையிலேயே இருக்கிறது. கேட்பதற்கு முன் மூன்று விடயங்களைத் தயார் செய்ய வேண்டும். ஒன்று, கொப்பியில் உள்ள தலைப்புகள்: திகதி, சாமான், அளவு, விலை, வரவு, நிலுவை. துணி யாரிலா மீற்றரிலா, மணல் கியூபிலா என்பதையும் எழுதிவிட வேண்டும். இரண்டு, கடையின் வழக்கங்கள்: தவணை எப்படி, வட்டி கிடையாது, திருப்பி எடுக்கும் சாமானை எப்படிக் கழிப்பது. மூன்று, மாதிரிக்கு இருபது பதிவுகள். இவற்றோடு கேட்டால் கிடைப்பது நமது கடைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

கொப்பியில் ஒரே ஆளை ஓரிடத்தில் "ஹாஜியார்" என்றும் இன்னோரிடத்தில் "மில் ஹாஜியார்" என்றும் எழுதியிருந்தால் கணனி அவரை இருவராகவே எண்ணும். எனவே ஆளுக்கு ஓர் இலக்கம் கொடுத்துச் சீராக்குவது முதல் வேலை.

மாதிரிப் பதிவுகளில் உண்மையான பெயரோ தொலைபேசி இலக்கமோ இருக்கக் கூடாது. யார் யாரிடம் எவ்வளவு கடன் என்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையொட்டியே வந்தது. 2023இல் தென்கொரியாவின் சாம்சங் நிறுவனப் பொறியியலாளர்கள் கம்பனியின் இரகசியப் புரோகிராமை சாட்ஜிபிடியில் இட்டதனால், அந்நிறுவனம் அவ்வாண்டு மே மாதம் இத்தகைய சேவைகளின் பாவனைக்கே தடை போட்டது. அவ்வளவு பெரிய கம்பனிக்கே இந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

முழுக் கொப்பியையும் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், கணனியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. ஒல்லாமா என்ற இலவச மென்பொருள் மூலம் லாமா, குவென் போன்ற மொழி மாதிரிகளை ஒருமுறை இறக்கிக்கொண்டால், பின்னர் இணையம் இல்லாமலே அவை வேலை செய்யும். 16 ஜிபி ராம் உள்ள கணனியில் சிறிய மாதிரி ஓடும். வேகமும் திறமையும் சற்றுக் குறைவு. ஆனால் கொப்பி கடையை விட்டு வெளியே போகாது. பெரிய நிறுவனங்களும் இதன் பெறுமதியை உணர்ந்துள்ளன. சென்னையின் ஸோஹோ நிறுவனம் 2025 ஜூலையில் ஸியா என்ற சொந்த மாதிரியை அறிமுகப்படுத்தியபோது, வாடிக்கையாளரின் தரவு தனது சேர்வர்களை விட்டு வெளியேறாது என்பதையே முன்னிறுத்தியது.

கடைசியாக ஒரு பரீட்சை. ஏற்கனவே கையால் கூட்டி முடித்த ஒரு மாதக் கணக்கைப் புதிய புரோகிராமில் ஏற்றிப் பாருங்கள். சதக் கணக்கு வரை ஒத்துவர வேண்டும். வராவிட்டால், எந்த வாடிக்கையாளரின் பதிவில் பிழைத்தது என்பதைக் கண்டு, அந்த வழக்கத்தைச் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். இரண்டு மாதக் கணக்கு ஒத்துவரும் வரை பழைய கொப்பியை மூடாதீர்கள்.

அல்குர்ஆனின் ஆக நீண்ட வசனமான சூரா அல்பகறாவின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியும் எழுதுபவர் நீதியாக எழுத வேண்டியதைப் பற்றியும் பேசுகிறது. கணனி நமக்குக் கிடைத்த வேகமான எழுத்தர், அவ்வளவுதான். அது தவறாக எழுதினால் மறுமையில் கேள்வி கணனிக்கு அல்ல, கடை முதலாளிக்கே.