கார்டு ஏன் நம்மையே சந்தேகிக்கிறது?

2016 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் பலருக்குக் குறுஞ்செய்தி வந்தது: கணக்கிலிருந்து மும்பையில் பணம் எடுக்கப்பட்டிருக்கிறது. கார்டோ பர்ஸிலேயே இருந்தது. வெள்ளையம்பலம் பகுதி ஏடிஎம் ஒன்றில், புகை உணரும் கருவி போன்ற பெட்டிக்குள் ருமேனியாக்காரர்கள் சிலர் கேமராவை ஒளித்து வைத்திருந்தார்கள். கார்டின் காந்தப் பட்டையில் இருந்த தகவலும் ரகசிய எண்ணும் திருடுபோயின. நகல் கார்டுகள் மும்பையில் வேலை செய்தன. ஒருவர் அங்கேயே பிடிபட்டார்.

காலையில் திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் தேய்த்த கார்டு அரை மணியில் மும்பைக்கு எப்படிப் போகும்? வங்கியின் மென்பொருள் கேட்பது இதைத்தான். கடைக்காரரின் மெஷினில் பதில் வருவதற்குள் தொகை, நேரம், ஊர், கடையின் வகை, உங்கள் பழைய வழக்கம் எல்லாவற்றையும் பார்த்து அது ஒரு மதிப்பெண் போடுகிறது. எல்லை தாண்டினால் கார்டு நிற்கும்.

மளிகையும் பெட்ரோலுமே வாங்கியவர் திடீரென நகைக்கடையில் இரண்டு லட்சத்துக்குத் தேய்க்கிறார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் என்பது மென்பொருளுக்குத் தெரியுமா? கார்டு நின்றால் கடையில் நாலு பேர் முன்னால் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். லட்சம் பரிவர்த்தனையில் பத்து மோசடி என்று வைத்துக்கொள்வோம். நல்லவற்றில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாக நிறுத்தினாலும், ஆயிரம் பேர் வீணாக நிற்க வேண்டும். பத்துத் திருடர்களைப் பிடிக்க அதுதான் விலை. ஆகவே பெரும்பாலான எச்சரிக்கைகள் பொய்யாக இருப்பது இயல்பு.

எல்லாத் தடையும் சந்தேகத்தால் வருவதல்ல. ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுப்படி புதுக் கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடு இரண்டும் மூடியே வரும். கொழும்புக்கோ துபாய்க்கோ கிளம்பும் முன் செயலியில் திறந்துகொள்ள வேண்டும்.

வங்கி அனுப்புவது போன்ற எச்சரிக்கையை மோசடிக்காரர்களும் அனுப்புகிறார்கள் என்பதுதான் பெரிய சங்கடம். "நீங்கள்தான் வாங்கினீர்களா?" என்று வங்கி கேட்கலாம்; ஆனால் ஓடிபியோ ரகசிய எண்ணோ கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். செய்தியில் உள்ள இணைப்பைத் தொட வேண்டாம். கார்டின் பின்பக்க எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

வாங்கியது நீங்கள் இல்லையென்றால் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். வங்கியோ நீங்களோ காரணமாக இல்லாத மோசடியை, செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. அந்தப் பின்பக்க எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். கார்டு தொலைந்தால் எண்ணும் அதோடு போய்விடும்.