இத்தாலிய மொழியும் இடைநிலை மாணவரும்

அயன்மொழி ஒன்றைக் கற்கப் புகுவார்க்கு முதலாண்டு இனிதே கழியும். வணக்கம் கூறவும், விலை வினவவும், மணி கேட்கவும் கற்றமட்டில் உள்ளம் பூரிக்கும். இறுதியாண்டும் இன்பமுடையதே, அம்மொழி நூல்களைப் பிறர் துணையின்றிப் படித்துச் சுவைக்குங் காலம் அது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலமே இடர்ப்பாடு மிக்கது. எம் ஊராகிய குன்றத்தூரின் மலைப்படிகளில் ஏறுவார் இதனை நன்கு அறிவர். அடிவாரத்திற் கால்கள் விரையும். உச்சியிற் குளிர்காற்றுக் களைப்பாற்றும். நடுப்படியிலோ முழங்காலின் நோவன்றி வேறொன்றுந் தோன்றாது. பல மாணாக்கர் திரும்பி இறங்குவதும் அந்நடுப்படியிலிருந்தே. யாமும் அங்ஙனம் இறங்க முற்பட்டு, பின்னர் நின்ற வரலாற்றையும், அதனால் அறிந்தவற்றையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

சென்னையிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் இத்தாலிய மொழி பயின்று வருகின்றோம். குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் வரை பேருந்து. அங்கிருந்து மின்சார இரயில். ஐரோப்பியப் பேரவை 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகோலின்படி மொழிக்கல்வி ஆறு படிகளாக வகுக்கப்பெற்றுள்ளது. அவற்றுள் மூன்றாவதும் நான்காவதும் இடைநிலை எனப்படும். முதலிரு படிகளை யாம் எளிதிற் கடந்தோம். மூன்றாம் படியில் நடந்த முதற்றேர்விலோ தவறினோம். 'என் பாட்டனார்' என்னும் பொருள்பற்றி யாம் வரைந்த கட்டுரை, வரிக்கு வரி சிவப்பு மையேறித் திரும்பி வந்தது. அன்று மாலை பேருந்தில் எம் ஊர்ப் பெரியவர் ஒருவர் எம் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து, "என்ன பாஷை தம்பி இது?" என்றார். விடை கூறினோம். "சேக்கிழார் பிறந்த ஊரிலிருந்து இத்தாலி பாஷைக்குப் போகிறாயா? போய்வா, ஆனால் தமிழை மறந்துவிடாதே அப்பா" என்று அன்போடு மொழிந்தார். தேர்வில் தவறிய நாளில் அச்சொல் எம்மை மிகவும் வருத்தியது. இரண்டு மொழியையும் இழந்து நிற்கின்றோமோ என்று ஐயுற்றோம்.

மறுவாரம் வகுப்பை விட்டுவிடுவதாக ஆசிரியரிடம் கூறச் சென்றோம். அவர் எம் கட்டுரையை விரித்து, சிவப்புக்கோடிட்ட ஒரு வாக்கியத்தைக் காட்டி, "இதனை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று வினவினார். "பாட்டனார்க்குக் காபி பிடிக்கும்" என்றோம். "அப்படியானால் ஏன் அப்படியே எழுதவில்லை?" என்றார். அவ்வினாவே எமக்குக் கண் திறந்தது.

எம் பிழையின் வேர் யாதெனின், யாம் தமிழில் நினைந்து, அந்நினைவை ஆங்கிலமாக்கி, அவ்வாங்கிலத்தை இத்தாலியமாக்கி எழுதினோம். இருவர் வாய்ப்பட்ட செய்தி திரிதல் இயல்பன்றோ? 'எனக்குப் பிடிக்கின்றது' என்பதற்கு இத்தாலியர் 'மி பியாச்சே' என்பர். 'மி' என்பது 'எனக்கு'. 'பியாச்சே' என்பது 'பிடிக்கின்றது'. பிடிக்கும் பொருள் பன்மையாயின், 'பிடிக்கின்றன' என நாம் கூறுதல்போல, அவரும் 'மி பியாச்சொனோ' என்பர். ஆங்கிலத்தில் விரும்புபவனே எழுவாயாதலின், அவ்வழிச் சென்ற யாம் 'நான்' என்பதை எழுவாயாக்கி, 'இயோ பியாச்சோ' என எழுதினோம். அதன் பொருள், 'நான் பிறர்க்குப் பிடித்தமானவனாக இருக்கின்றேன்' என்பதாம்! நான்காம் வேற்றுமையை நாவிற் கொண்டே பிறந்த தமிழன் இவ்விடத்தில் இடறுதற்குக் காரணமே இல்லை.

இரண்டாவது, இறந்தகாலம். இத்தாலியத்தில் இறந்தகால வடிவங்கள் பல. அவற்றுள் பேச்சில் மிகுதியும் வழங்குவன இரண்டு. ஒரு முறை நிகழ்ந்து முடிந்ததனை ஒன்றும், முன்னாளில் வழக்கமாக நிகழ்ந்ததனையும் நிகழ்ந்துகொண்டிருந்ததனையும் மற்றொன்றும் குறிக்கும். இடைநிலை மாணாக்கரைப் பெரிதும் மயக்குவது இதுவே. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் பெரும்பாலும் ஒரே வினைவடிவம் போதும். தமிழிலோ, 'பாட்டனார் அந்நாளில் ஞாயிறுதோறும் வருவார்' எனவும், 'பாட்டனார் நேற்று வந்தார்' எனவும் வேறுபடக் கூறுகின்றோம். 'வருவார்' என்பது எதிர்கால வடிவமாயினும், பழைய வழக்கத்தை உணர்த்தும் இடத்தில் இறந்தகாலப் பொருளே தருகின்றது. முன்னதற்கு 'வெனீவா' என்றும், பின்னதற்கு 'எ வெனூதோ' என்றும் இத்தாலியர் கூறுவர். 'வருவார்' என்று நாவிற்கு வருமிடத்து 'வெனீவா' என்க. 'வந்தார்' என்று வருமிடத்து 'எ வெனூதோ' என்க. எல்லா இடத்தும் இவ்விதி பொருந்தாதாயினும், பத்துப் பக்க விளக்கத்தினும் இஃது எமக்கு மிகுதியாக உதவியது.

மூன்றாவது, மரியாதைச் சொல். நண்பனையும் குழந்தையையும் 'து' என்று விளிக்கும் இத்தாலியர், மதிப்பிற்குரியாரை 'லெய்' என்பர். 'லெய்' என்பதன் நேர்ப்பொருள் 'அவள்' என்பதே. கேட்பவர் ஆடவராயினும் அச்சொல்லே வரும். வினையும் படர்க்கை வினையேயாகும். எதிரில் நிற்பாரைப் படர்க்கையால் விளித்தல் விந்தை என வேற்று நாட்டு மாணாக்கர் வியப்பர். நமக்கோ இது புதிதன்று. படர்க்கைக்குரிய 'தாம்' என்னும் சொல்லையன்றோ 'தாங்கள்' என முன்னிலையில் வைத்துப் பெரியோரிடம் பேசுகின்றோம்? முசோலினியின் ஆட்சி 1938-இல் 'லெய்' என்பதை விலக்கி, 'வோய்' என்னுஞ் சொல்லையே வழங்கவேண்டுமென வற்புறுத்தியது. அவ்வாட்சி வீழ்ந்தபின் 'லெய்' தன் இடத்தை மீண்டும் பெற்றது. மக்கள் நாவிலுள்ள மரியாதையை அரசாணை எளிதில் மாற்றவியலாது போலும்.

இனி ஓசையை நோக்குவோம். இத்தாலியச் சொற்களில் பெரும்பாலன உயிரொலியில் முடிவன. எழுதியவாறே பெரும்பாலும் ஒலிக்கப்படுவன. மெய் இரட்டித்தலாற் பொருள் வேறுபடுதல் அம்மொழியின் சிறப்பியல்பு. 'நோனோ' என்பது ஒன்பதாவது. 'நொன்னோ' என்பது பாட்டனார். 'காரோ' என்பது அன்புக்குரியவர். 'கர்ரோ' என்பது வண்டி. பலியையும் பல்லியையும், கனியையும் கன்னியையும் வேறுபடுத்தும் தமிழ்ச்செவிக்கு இவை எளிய. ஆயினும் ஓரிடத்தில் ஏமாந்தோம். எழுதுகோலை நாம் 'பேனா' என்கின்றோம். இது போர்த்துக்கேசியரிடமிருந்து வந்த சொல். இத்தாலியத்தில் எழுதுகோல் 'பென்னா' எனப்படும். 'பேனா' என்றால் துன்பம், தண்டனை எனப் பொருள்படும். 'ஒரு பேனா கொடுங்கள்' என்று வகுப்பில் யாம் கேட்டபொழுது எழுந்த நகைப்பு இன்னும் செவியிலுள்ளது. மேலும், வல்லினத்தின் வலிந்த ஒலியையும் மெலிந்த ஒலியையும் நம் எழுத்து வேறு பிரித்துக் காட்டாது. பேரிக்காய்களைக் குறிக்குஞ் சொல்லும், பருகுதல் என்னுஞ் சொல்லும் முதலெழுத்தின் ஒலியொன்றால் மட்டுமே வேறுபடுவன. தமிழில் எழுதின் இரண்டும் 'பேரே' என்றே நிற்கும். ஆதலின் இத்தாலியச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் படிக்கும் வழக்கத்தை இடைநிலையிலேனும் விட்டொழித்தல் வேண்டும்.

தாய்மொழி எல்லா இடத்தும் வழிகாட்டும் எனக் கூறுகின்றோமல்லோம். நமக்குப் பால் பகுப்புப் பொருள்நோக்கியது. இத்தாலியர்க்கோ உயிரில் பொருள்களும் ஆணும் பெண்ணுமாம். கதிரவனாகிய 'சோலே' ஆண்பால். திங்களாகிய 'லூனா' பெண்பால். கையாகிய 'மானோ' ஓகாரத்தில் முடிந்தும் பெண்பால். இவற்றை மனப்பாடம் செய்வதன்றி வேறு வழியில்லை. 'எனக்குப் பசிக்கின்றது' என்னுமிடத்து அவர் 'நான் பசியை உடையேன்' என்னும் பொருள்படக் கூறுவர். அங்கே நம் நான்காம் வேற்றுமை உதவாது. 'அவன் வருகின்றான் என அறிவேன்' என்பதற்கும், 'அவன் வருகின்றான் என நினைக்கின்றேன்' என்பதற்கும் நாம் ஒரே வினையை ஆள்கின்றோம். அவரோ உறுதியாக அறிந்தவிடத்து 'வியேனே' என்றும், எண்ணமும் ஐயமும் விருப்பமும் உள்ளவிடத்து 'வெங்கா' என்றும் வினையை மாற்றுவர். நாமும் நாங்களும் என நாம் பிரிப்பதை அவர் 'நொய்' என ஒரே சொல்லில் அடக்குவர். எங்கே தமிழ் துணை செய்யும், எங்கே கைவிடும் என்பதனைப் பிரித்தறிதலே இடைநிலைக் கல்வியின் உயிர்நிலை என்பது எம் துணிபு.

இவ்வழியை மறுதிசையில் நடந்து காட்டியவர் ஒருவர் உளர். கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி என்னும் இயற்பெயருடைய வீரமாமுனிவர் 1680-இல் வட இத்தாலியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தார். முப்பது வயதளவில் நம் நாட்டிற்கு வந்தார். குழந்தைப் பருவத்தே கற்றாலன்றி மொழி வாராது எனச் சோர்வார்க்கு அவர் வாழ்வே விடையாகும். பேச்சுத்தமிழும் நூற்றமிழும் வேறென்பதைக் கண்டு, கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் இலத்தீனில் தனித்தனியே வரைந்தார். முன்னது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தேம்பாவணி என்னும் காவியமும், தொன்னூல் விளக்கமும், 1732-இல் சதுரகராதியும் இயற்றினார். ஏட்டுச்சுவடிகளிற் புள்ளியின்றி எழுதப்பெற்றமையால் மயங்கிக் கிடந்த எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவத்தாற் பிரித்துக் காட்டிய பெருமையும் அவர்க்குரியது. இத்தாலியத்தில் உயிரின் குறில் நெடில் பொருளை வேறுபடுத்தாது. அவ்வேறுபாட்டை வருந்திக் கற்ற செவிக்கே அதன் அருமை புலப்பட்டது என எண்ண இடமுண்டு. பிறமொழியாளர் ஒருவர் நம் மொழியில் நாம் கவனியாததைக் கவனித்தார். பிறமொழி கற்கும் நாமும் அவ்வாறே நம் மொழியைப் புதிதாகக் காண்கின்றோம். சென்னைக் கடற்கரையில் 1968-இல் நிறுவப்பெற்ற அவர் சிலையருகே யாம் ஒரு மாலை நின்றபொழுது இவ்வெண்ணமே எம் உள்ளத்தில் எழுந்தது.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையேயுள்ள பிளவு தமிழுக்கே உரியதென்று எண்ணுவாரும் உளர். இத்தாலியின் பொதுமொழி பிளாரன்ஸ் நகரத்தின் பதினான்காம் நூற்றாண்டு இலக்கிய மொழியை அடியாகக் கொண்டது. தாந்தேயும், பெத்ரார்க்காவும், பொக்காச்சியோவும் அதற்கு வித்திட்டவர். 1861-இல் இத்தாலி ஓரரசானபொழுது அப்பொதுமொழியைப் பேச வல்லார் நூற்றுக்கு மூவரினும் குறைவென துல்லியோ தெ மௌரோவும், பதின்மர்க்கு அணித்தென அர்ரிகோ காஸ்தெல்லானியும் கணக்கிட்டனர். ஏனையோர் தத்தம் வட்டார மொழியே பேசினர். எனவே இத்தாலியரிற் பலரும் தம் பொதுமொழியைப் பள்ளியிற் கற்றவரே. இதனை அறிந்தபின் எமக்கிருந்த கூச்சம் பாதி நீங்கியது.

எஞ்சிய பாதி நீங்கியது வேறொரு செய்தியால். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இலங்கைத் தமிழர் பலர் குடியேறி வாழ்கின்றனர். அந்நகரையடுத்த பெல்லெகிரினோ மலைமேலுள்ள புனித ரொசாலியாவின் திருத்தலத்திற்கு அவருட் கிறித்தவரும் இந்துக்களும் ஒருங்கே ஏறிச் சென்று வழிபடுவர். தமிழும் இத்தாலியமும் நாள்தோறும் ஒரே வீட்டில் வழங்குதல் அவர்க்கு இயல்பு. ஒன்று மற்றொன்றைத் துரத்தவில்லை.

நிற்க. இடைநிலையில் இடர்ப்படும் மாணாக்கர்க்கு எம் பட்டறிவிற் கண்ட சிலவற்றைக் கூறி முடிப்போம். குறிப்பேட்டில் ஆங்கிலத்திற்கு இடந்தராது, இத்தாலியச் சொல்லின் எதிரே தமிழையே எழுதுக. தனிச்சொல்லை எழுதாது, முழு வாக்கியமாகவே எழுதுக. நாள்தோறும் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்க. இரட்டித்த மெய்களில் நின்று படிக்க. வாரம் ஒருமுறை வீட்டுப் பெரியோர் கூறும் பழங்கதை ஒன்றைக் கேட்டு, அதனை இத்தாலியத்தில் எழுதுக. 'வருவார்', 'வந்தார்' என்னும் வேறுபாடு தானே கைவரும். பிழைகளைத் தமிழ்வழியால் தவிர்க்கத்தக்கன, மனப்பாடத்தாலன்றித் தீராதன என இரண்டாகப் பகுத்து வைக்க.

இம்முறையால் அடுத்த தேர்வில் தேறினோம், மதிப்பெண் மிகுதியன்று. நான்காம் படி இன்னும் எதிரே நிற்கின்றது. பேருந்துப் பெரியவரை அண்மையில் மீண்டும் கண்டோம். "என்ன தம்பி, தமிழ் நினைவிருக்கிறதா?" என்றார். நான்காம் வேற்றுமையின் அருமையை இத்தாலிய வகுப்பிலேயே உணர்ந்ததை விரித்துரைத்தோம். அவர் சிறிது நேரம் கேட்டிருந்து, "அப்படியானால் விடாதே, படி" என்றார். அயன்மொழி கற்பதால் தாய்மொழி தேயாது. தாய்மொழியைத் துணைக்கொள்ளாது கற்பின் அயன்மொழியும் வாராது. நடுப்படியில் நிற்கும் நண்பர்காள், இறங்கற்க.